கண்ணாடிக் கடைக்கு இன்ச் டேப்

திருவள்ளூர் பக்கம் திருப்பாச்சூரில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு கிடைக்காது. டர்னர் வீடு என்று கேட்க வேண்டும். ஐடிஐ முடித்த கையோடு காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். பிறகு அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் சிஎன்சி மிஷினுக்கு மாறி, கடைசியில் தரம் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்தார். லேத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஊர் வைத்த பட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் வேலையில் கைதான் முக்கியம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அவரைக் கேட்டால் கண் என்பார். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரைக்கும், மைக்ரோமீட்டரில் 0.01 வரைக்கும் படிக்க வேண்டும். மேல் கோடும் கீழ்க்கோடும் எந்த இடத்தில் ஒரே நேராக நிற்கின்றன என்று பார்த்துச் சொல்வதுதான் வெர்னியர் படிப்பது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள கோடுகளும் கிட்டத்தட்ட நேராகத்தான் தெரியும். அந்தக் கிட்டத்தட்டவில்தான் ஒரு பேட்ச் முழுக்க ரிஜெக்ட் ஆகும்.

நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதில் அவர் வெர்னியரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போக ஆரம்பித்தார். ட்யூப் லைட் சரியில்லை என்று எலெக்ட்ரீஷியனிடம் சண்டை போட்டார். பிறகு பேட்டைக்கு டிஜிட்டல் வெர்னியர் வந்தது, எண்கள் பெரிதாகத் திரையில் தெரிந்தன; சண்டை கொஞ்ச காலம் நின்றது. ஆனால் டிராயிங் ஷீட்டில் இருக்கும் டாலரன்ஸ் எண்கள் டிஜிட்டல் ஆகவில்லையே. தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, ஒரு கட்டத்தில் கை நீளம் தீர்ந்துபோனது.

வெள்ளெழுத்து வந்த ஒவ்வொருவருக்கும் இந்த ஜன்னல் பருவம் ஒன்று உண்டு. சமையலறையில் மாத்திரை அட்டையின் எக்ஸ்பயரி தேதியைப் பார்க்கச் சொல்லி பிள்ளையைக் கூப்பிடுவது, ஹோட்டலில் பக்கத்து ஆள் சொன்னதையே தனக்கும் சொல்வது எல்லாம் இந்தப் பருவத்தின் தந்திரங்கள். கண்ணில் நோய் எதுவும் இல்லை. கருவிழிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் மெத்தென்று இருக்கும். சுற்றியுள்ள தசை இழுத்துத் தளர்த்தும்போது உருமாறி, பக்கத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டும். வயது ஏற ஏற அந்த லென்ஸ் விறைத்துப்போகிறது. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு ஏறக்குறைய 14 டயாப்டர் வரை கூட்டிக் குறைக்கும் சக்தி உண்டு. நாற்பதில் அது நான்கு, ஐந்துக்கு வந்துவிடும். அறுபதில் ஒன்று மிஞ்சினால் அதிகம். பணக்காரர், ஏழை, காரட் தின்றவர், தின்னாதவர் என்ற பேதமே இல்லை.

டர்னர் முதல் கண்ணாடியை வாங்கியது ரயிலில். திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் சீப்பு, பேனா, ஏடிஎம் கார்டு கவர், சுண்டல் வரிசையில் கண்ணாடியும் வரும். அட்டையில் வரிசையாகச் செருகி, ஒவ்வொன்றிலும் பவர் எண் எழுதிய சின்ன ஸ்டிக்கர். விற்பவர் நூற்றைம்பது சொல்ல, இவர் நூறு கேட்க, ஆவடி வருவதற்குள் பேரம் முடிந்தது. ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று மூன்றையும் மாட்டிப் பார்த்தார். இரண்டரையில் பேப்பர் எழுத்து கறுகறுவென்று பெரிதாகத் தெரிந்தது. அதையே எடுத்துக்கொண்டார்.

ரெடிமேடு கண்ணாடி வாங்கும் பத்தில் ஒன்பது பேர் செய்வது இதுதான். எழுத்து பெரிதாகத் தெரிவதுதான் நல்ல கண்ணாடி என்று கை தானாக அதிக பவரை எடுத்துவிடும். பிளஸ் பவர் ஏற ஏற எழுத்து பெரிதாகத் தெரியத்தான் செய்யும். ஆனால் தெளிவாகத் தெரியும் தூரம் மூக்கை நோக்கி நெருங்கி வந்துவிடும். கணக்கு சுலபம். ஒன்றை மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் டயாப்டர். 40 சென்டிமீட்டருக்கு 2.5. 65 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.5. தூரப்பார்வை சரியாக இருக்கும் ஒருவர் 2.5 பவர் கண்ணாடியை மாட்டினால், 40 சென்டிமீட்டரைத் தாண்டி இருப்பது எல்லாம் மங்கல்தான். பேப்பர் படிக்கச் சரி. டர்னரின் சிஎன்சி மிஷின் திரை இரண்டடிக்கு அப்பால் இருந்தது. திரையைப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்றுவார், வெர்னியரைப் பார்க்க மாட்டுவார். இல்லாவிட்டால் கண்ணாடியை மாட்டிக்கொண்டே திரைக்கு முகத்தைக் கொண்டுபோவார். சாயங்காலம் கழுத்து வலி.

ரயில் கண்ணாடியை முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது. இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருந்து, சிலிண்டர் எனப்படும் வளைவுக் குறைபாடு இல்லாமல் இருந்து, இரு கருவிழிகளுக்கும் நடுவில் உள்ள தூரம் சராசரியாக இருந்தால் அது தாராளமாகப் போதும். இந்த மூன்றும் ஒருவருக்கு ஒத்துவருகிறதா என்பது பரிசோதித்தால்தான் தெரியும் என்பதுதான் சிக்கல். ரெடிமேடில் லென்ஸின் நடுப்புள்ளிகள் கருவிழிகளை விட அகலமாக அமைந்துவிட்டால், படிக்கும்போது கண்கள் கூடுதலாக உள்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். பத்து நிமிஷம் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து நெற்றிப் பொட்டில் தெரியும்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குத் துணைக்குப் போனபோதுதான் டர்னர் தன் கண்ணையும் காட்டினார். 1819-ல் தொடங்கிய மருத்துவமனை அது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. வரிசையில் நின்று, சொட்டு மருந்து விட்டு, அழுத்தம் பார்த்து, தமிழ் எழுத்துள்ள அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பத்தி பத்தியாக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் அட்டை. தூரத்துக்குப் பவர் வேண்டாம், பக்கத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார்.

கடையில் இருந்தது ஆப்டோமெட்ரி படித்த இளம்பெண். தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு வயது அதிகமில்லை. சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-ல் தொடங்கியபோதுதான் நான்கு வருஷப் பட்டப்படிப்பாக அது நாட்டிலேயே முதல்முறையாக வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் கடைக்காரரின் அனுபவமே படிப்பு. அந்தப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு பிரேம் பக்கம் போகவில்லை.

“சார், என்ன வேலை பார்க்கறீங்க?”

சொன்னார்.

“வெர்னியரைப் பிடிக்கற மாதிரி பிடிங்க.”

கையில் பேனாவை வெர்னியராக நினைத்துப் பிடித்தார். அந்தப் பெண் மேஜை டிராயரிலிருந்து தையல்காரரின் இன்ச் டேப்பை எடுத்து, அவர் கண்ணோரத்திலிருந்து பேனா வரை இழுத்துப் பிடித்தாள். 35 சென்டிமீட்டர். “மிஷின் திரை?” எதிரில் இருந்த பிரேம் ஸ்டாண்டைக் காட்டி, இவ்வளவு தூரம் என்றார். எழுந்து போய் அளந்தாள். 65. “டிராயிங்?” மேஜையில் விரித்து வைத்துப் பார்ப்பதாகச் சொல்லி, குனிந்தும் காட்டினார். 45.

“மூணு தூரம் இருக்கு சார். ஒரு ரீடிங் போட்டா ஒண்ணு தெரியும், ஒண்ணு போயிடும். ரயில் கண்ணாடியில அதான் உங்களுக்கு ஆச்சு.”

காக்களூரில் அத்தனை வருஷம் அளவெடுத்தே பிழைத்த மனிதர், தன்னை யாரும் அளந்து பார்த்ததில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்.

பிறகு லென்ஸ் பேச்சு. கடை பாஷையில் கேடி, டி, புரோகிரசிவ் என்று மூன்று. கேடியும் டியும் பைஃபோகல். கேடியில் கீழே வட்டமாக, டியில் மேல் விளிம்பு நேராக வெட்டிய அரைவட்டமாகப் படிக்கும் பவர் உட்கார்ந்திருக்கும். இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்து, இரண்டையும் பாதியாக வெட்டி ஒரே பிரேமில் ஒட்டவைத்தவர் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளினைச் சொல்வார்கள்; தன் இரட்டைக் கண்ணாடியைப் பற்றி அவர் 1784-ல் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கோடே தெரியாமல் மேலிருந்து கீழாகப் பவர் கூடிக்கொண்டே போகும் புரோகிரசிவ் லென்ஸை 1959-ல் பிரான்சில் பெர்னார்ட் மெத்தனாஸ் வடிவமைத்து ‘வேரிலக்ஸ்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை உயர்ந்தது புரோகிரசிவ். அதனால் அதுவே நல்லது என்று பல கடைகளில் தலையில் கட்டுவார்கள். உண்மையில் புரோகிரசிவ் லென்ஸின் இரு ஓரங்களிலும் பார்வை கொஞ்சம் நெளியும். நடுவில் ஓடும் குறுகலான பாதை வழியாகத்தான் பார்க்க வேண்டும். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கப் பழகியவர்களுக்குச் சில வாரம் தொல்லை. மேஜைமேல் பெரிய டிராயிங்கை விரித்துப் பார்ப்பவருக்கு அது தோதில்லை.

அந்தப் பெண் டர்னருக்குச் சொன்ன யோசனை விசித்திரமாக இருந்தது. டி பைஃபோகல்தான், ஆனால் மேல் பாகத்தில் தூரப் பவர் போடாமல் மிஷின் திரைக்கான 0.75, கீழ்ப் பாகத்தில் வெர்னியருக்கான 1.75. வேலை மேஜையை விட்டு எழுந்தால் கழற்றிவிட வேண்டும். பைக் ஓட்டக்கூடாது, படி இறங்கக்கூடாது. 2.5 போட்டுப் பழகிய கண்ணுக்கு இது போதுமா என்று அவருக்குச் சந்தேகம். இவர் கண்ணிலேயே கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்கிறது, கண்ணாடி மீதியைக் கொடுத்தால் போதும் என்றாள். நாற்பத்தைந்தில் இருக்கும் மிச்சம் ஐம்பத்தைந்தில் இருக்காது, அப்போது பவர் ஏறும். அறுபதுக்குப் பிறகு பெரும்பாலும் 2.5 பக்கம் வந்து நின்றுவிடும்.

லென்ஸ் எதில் என்பதற்கும் பட்டறைதான் பதில் சொன்னது. சீவல் தெறிக்கும் இடத்தில் கண்ணாடி லென்ஸ் கூடாது. சாதாரண பிளாஸ்டிக் லேசானது, ஆனால் கீறல் விழும். அடி தாங்குவது பாலிகார்பனேட். படிக்கும் கண்ணாடியைப் பாதுகாப்புக் கண்ணாடி என்று நினைத்து கிரைண்டிங் வீல் முன்னால் நிற்பவர்கள் கும்மிடிப்பூண்டி முதல் காக்களூர் வரை நிறையப் பேர். பக்கவாட்டு மறைப்பு இல்லாத எதுவும் அந்த இடத்துக்கு உதவாது.

பிறகுதான் பிரேம். இங்கே டர்னரின் மகள் உள்ளே வருகிறாள். “அப்பா, ரவுண்டு போடு, காந்தி மாதிரி.” காந்தி பாணி வட்டக் கண்ணாடி மறுபடியும் நாகரிகமாகியிருந்த நேரம். (காந்தி அணிந்ததாகச் சொல்லப்பட்ட தங்க முலாம் பூசிய ஒரு கண்ணாடி, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஏல நிறுவனத்தின் தபால் பெட்டிக்குள் கிடந்து, 2020 ஆகஸ்டில் 2,60,000 பவுண்டுக்குப் போனது வேறு கதை.) சின்ன வட்டத்துக்குள் பைஃபோகலின் இரண்டு பாகங்களும் அடங்காது என்று கடைப்பெண் சொல்ல, காந்தி அங்கேயே கைவிடப்பட்டார்.

வட்ட முகத்துக்குச் சதுர பிரேம், சதுர முகத்துக்கு வட்ட பிரேம் என்று பத்திரிகைகள் காலங்காலமாக எழுதுகின்றன. அதில் பாதிதான் உண்மை. முகத்தின் வடிவத்தை விட மூக்கும் புருவமும் கன்னமும்தான் பிரேமைத் தீர்மானிக்கின்றன. பிரேமின் மேல் கோடு புருவத்தை ஒட்டிப் போனால் எந்த முகத்துக்கும் பார்க்க நன்றாக இருக்கும். புருவத்துக்கு மேலே ஏறினால் எப்போதும் திடுக்கிட்ட மாதிரி தெரியும். மூக்குத் தண்டு சப்பையாக இருப்பவர்களுக்கு ஷெல் பிரேம் வழுக்கிக்கொண்டே வரும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய பேடு வைத்த மெட்டல் பிரேம் தேவலை. ஆனால் நம் ஊர் வியர்வைக்கு மட்டமான மெட்டலில் பேடைச் சுற்றிப் பச்சை பூக்கும். தேங்காய் எண்ணெயும் வெயிலும் சேர்ந்தால் மலிவான ஷெல் வெளுத்துப்போகும்.

“சிரிங்க சார்,” என்றாள் கடைப்பெண். போட்டோவுக்கோ என்று டர்னர் நினைத்தார். சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறி பிரேமைத் தூக்குகிறதா என்று பார்க்கவாம். தூக்கினால் அந்த பிரேம் பெரிது. பிறகு குனியச் சொன்னாள். படிக்கும் கண்ணாடிக்காரர் நாளெல்லாம் குனிந்தபடிதான் இருப்பார், குனிந்தால் வழுக்குகிற கண்ணாடியால் என்ன பயன். பிரேமின் காதுக்கம்பியின் உள்பக்கம் பொடி எழுத்தில் 52, 18, 140 என்று அச்சடித்திருந்ததைக் காட்டினாள். லென்ஸின் அகலம் 52 மில்லிமீட்டர், மூக்கின் மேல் பாலம் 18, கம்பி நீளம் 140. ஒருமுறை பொருந்திய பிரேமின் இந்த மூன்று எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை பாதி அலைச்சல் மிச்சம். செருப்புக்கு நம்பர் தெரியாதவர் இல்லை. கண்ணாடிக்கும் நம்பர் உண்டு என்று தெரிந்தவர்கள் குறைவு.

அடர் பழுப்பு ஷெல், கொஞ்சம் சதுரம். வீட்டுக்கு வந்ததும் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னது: “வாத்தியார் மாதிரி இருக்கீங்க. பரவால்ல.”

டர்னரின் அப்பாவின் கண்ணாடி தனிக் கதை. அவர் அப்பர், சம்பந்தர் பாடிய உள்ளூர் வாசீஸ்வரர் கோயிலில் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் தேவாரப் புத்தகத்தோடு போய் உட்காருகிறவர். தஞ்சாவூரில் ரயில்வேயில் இருந்த உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்த வட்டக் கண்ணாடி அவரிடம் இருந்தது. ‘வல்லம் கல்’ என்பார். கனமாக இருக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். யாரையும் தொட விடமாட்டார்.

வல்லம் கண்ணாடி கட்டுக்கதை இல்லை. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே உள்ள வல்லத்தில் கிடைக்கும் ஸ்படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள் என்று ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. கல்லைத் தகடாக அறுத்து, தேய்ப்புத் தூளில் மெல்ல மெல்லத் தேய்த்து வளைவு கொண்டுவந்து, பிறகு பளபளப்பாக்க வேண்டும். வளைவுதான் பவர். ஐரோப்பாவிலும் 19-ஆம் நூற்றாண்டில் பிரேசில் ஸ்படிகத்தில் செய்த கண்ணாடிக்குப் பெரிய மதிப்பு இருந்தது. சாதாரண கண்ணாடியை விட ஒசத்தி என்று தனி விலைக்கு விற்றார்கள்.

அப்பாவின் நம்பிக்கைகள் மூன்று: கீறாது, குளிர்ச்சி, சூரியனிலிருந்து காக்கும். முதலாவது உண்மை. ஸ்படிகம் கடினத்தில் ஏழாவது படி, சாதாரண கண்ணாடி ஐந்தரை. மணல் தூசியோடு வேட்டி நுனியில் துடைத்தாலும் ஸ்படிகத்தில் சுலபமாகக் கோடு விழாது. இரண்டாவது பாதி உண்மை. ஸ்படிகம் கண்ணாடியை விடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் விரலுக்குச் சில்லென்று படும். கண்ணுக்குள் எந்தக் குளிர்ச்சியும் போவதில்லை. மூன்றாவது தலைகீழ். புற ஊதாக் கதிரைச் சாதாரண கண்ணாடி ஓரளவாவது தடுக்கும். ஸ்படிகம் அப்படியே உள்ளே விட்டுவிடும்.

அந்தக் கண்ணாடியைத் தேரடிக் கடைக்கு டர்னர் ஒருநாள் எடுத்துப் போனார். இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்தால் நடுவில் இருட்டாகத் தெரியும். சாதாரண கண்ணாடியை இடையில் வைத்தால் இருட்டு அப்படியே இருக்கும். ஸ்படிகமாக இருந்தால் வெளிச்சம் வரும். கடைப்பெண் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் வந்தது. கல்தான். பவரையும் மெஷினில் வைத்துப் பார்த்தாள்: 3. கண்புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்த அப்பாவுக்கு அந்தப் பவர் இனிமேல் கூடுதல். புது ரீடிங் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் அதைப் போட்டுக்கொள்வார்; கோயிலுக்கு மட்டும் வல்லத்தையே எடுத்துப் போவார், புத்தகத்தை மூக்கருகே பிடித்து வாசிப்பார்.

கோயிலில் எழுத்து தெரியாததற்கு இன்னொரு காரணம் வெளிச்சம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. பவரை ஏற்று என்று கடைக்கு ஓடுவதற்கு முன்பு விளக்கை மாற்றிப் பார்க்கலாம். எழுத்தின் மேல் பக்கவாட்டிலிருந்து விழும் ஒரு டேபிள் லேம்ப் பல நேரம் பவரை ஏற்றாமலே சமாளிக்க வைத்துவிடும்.

இந்தக் கதையில் கடைசியாகக் கண்ணாடி போட்டவர் டர்னரின் மனைவி. அவருக்குத்தான் எல்லாரையும் விட முன்னால் தேவைப்பட்டிருக்கும் என்பது இப்போது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். மிஷின் தையலை விடக் கைவேலைதான் கண்ணைக் கேட்கும்: ஹெம்மிங், கொக்கி, காஜா. மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஊசிகளில் நூல் கோத்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். வெள்ளை, சிவப்பு, மாம்பழ மஞ்சள், கறுப்பு. சாயங்காலத்துக்குள் காலண்டர் காலியாகிவிட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். கறுப்பு ஜாக்கெட்டைத் தைக்க வாங்குவதையே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல், ராத்திரியில் தெரியவில்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொன்னார்.

கண்ணாடி என்றாலே வேண்டாம் என்பார். காரணம் வயது. ஆண் கண்ணாடி போட்டால் படித்தவர், பெண் போட்டால் கிழவி என்ற ஊர்க்கணக்கு அவரை விடவில்லை. இதைச் சிலர் வெறும் அழகுக் கவலை என்று ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்குவது தவறு. பிடிக்காத கண்ணாடி டப்பாவிலேயே இருக்கும், டப்பாவில் இருக்கும் கண்ணாடிக்கு எந்தப் பவர் இருந்தாலும் ஒன்றுதான்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே இலவசமாகப் பக்கப்பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை, போடாதவர்களை விட 21.7 சதவீதம் அதிகமாகக் கூடியிருந்தது. கொழுந்து பறிப்பது எழுத்துப் படிக்கும் வேலையே இல்லை. வங்கதேசத்தில் தையல், நெசவு போன்ற வேலை செய்பவர்களையும் சேர்த்துச் செய்து 2024-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ரீடிங் கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களை விட 33 சதவீதம் கூடுதலாக இருந்தது. பக்கப்பார்வைக்குத் தேவையான கண்ணாடி இல்லாமல் உலகில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ‘ரீடிங் கண்ணாடி’ என்ற பெயரைக் கேட்டு, நமக்கென்ன படிப்பா வேலையா என்று ஒதுங்கிப் போகிறவர்களில் பலருக்கு ஊசி, அரிசிக் கல், முருங்கைக்கீரைப் புழு, கோழிக்குஞ்சின் கண் எல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறது.

டர்னர் மனைவியை அழைத்துப் போனது கண்ணாடி வாங்க என்று சொல்லி இல்லை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தன் கண்ணாடியின் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும் என்று கடைக்குள் நுழைந்தார். கடைப்பெண் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

“அக்கா, ஊசி கோக்கும்போது கையை எங்க வெச்சிப்பீங்க?”

கையைத் தூக்கிக் காட்டினார். இன்ச் டேப் வந்தது. டேப்பைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளெல்லாம் அடுத்தவர் தோளையும் இடுப்பையும் அளக்கும் சாமான். ஊசிக்கு 28 சென்டிமீட்டர், மிஷின் பலகைக்கு 40. கணவருக்கு வேலைக்கான தூரம் எட்டத்தில் என்றால் இவருக்குக் கிட்டத்தில். டர்னரின் கண்ணாடியை அவர் வீட்டில் ரகசியமாகப் போட்டுப் பார்த்து, இது எனக்குச் சேராது என்று முடிவு கட்டியிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.

அவர் தேர்ந்தெடுத்தது அரை நிலா. மேல் பாதி இல்லாத சின்ன பிரேம், மெரூன் நிறம். குனிந்தால் ஊசி, நிமிர்ந்தால் லென்ஸுக்கு மேலாக எதிரில் உட்கார்ந்து துணி கொடுக்கும் ஆளின் முகம். கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறு. கயிறு வேண்டாம், கிழவி மாதிரி இருக்கும் என்றவர், அடுத்த மாதம் கறுப்பு மணிகளைத் தானே கோத்து ஒன்று செய்துகொண்டார். அந்த மணிக்கயிற்றைப் பார்த்துவிட்டுத் தெருவில் வேறு சிலரும் கேட்டார்கள், கண்ணாடியே இல்லாதவர்கள்கூட. கறுப்பு ஜாக்கெட் மறுபடி வாங்க ஆரம்பித்தார். காலண்டரில் ஊசி குத்துவது நின்றது.

நடுவில் ஒரு பரபரப்பு. 2024-ல், கண்ணில் ஒரு சொட்டு விட்டால் பதினைந்து நிமிஷத்தில் ரீடிங் கண்ணாடியே வேண்டாம் என்று செய்தி வந்தது. பைலோகார்பின் என்ற பழைய மருந்து அது. கண்மணியைச் சுருக்குவதால் சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது தெளிவாகும். அமெரிக்காவில் 2021-லேயே இந்த வகைச் சொட்டுக்கு அனுமதி கிடைத்திருந்தது. இங்கே செய்தி பரவிய வேகத்தில், நிறுவனம் அனுமதியைத் தாண்டி விளம்பரம் செய்ததாகச் சொல்லி மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செப்டம்பரிலேயே அனுமதியை நிறுத்தி வைத்துவிட்டது. டாக்டர் சீட்டில்லாமல் விட்டுக்கொள்ளும் மருந்து இல்லை அது. கண்மணி சுருங்கினால் ராத்திரியில் வண்டி ஓட்டுவது கஷ்டம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்வைக் கண்ணாடிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். கடையில் விலையை ஏற்றுவது பெரும்பாலும் பிரேமின் பெயரும் லென்ஸின் பூச்சும். எதிரொளி குறைக்கும் பூச்சு, திரையையும் ட்யூப் லைட்டையும் பார்த்து வேலை செய்பவருக்கு உபயோகமானது. நீல ஒளி வடிகட்டும் பூச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை. கண் களைப்பை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பூச்சு போட்ட லென்ஸைச் சட்டை நுனியில் துடைக்காமல், குழாய்த் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கழுவ வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் ஒரு மே மாதம் கிடந்தால் பூச்சு வெடித்துவிடும்.

காசு கொடுக்க முடியாத முதியவர்களுக்குத் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் ரீடிங் கண்ணாடி இலவசம். திருவள்ளூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. திருப்பாச்சூரிலிருந்து எழும்பூர் வரை போய் வரிசையில் நிற்க வேண்டிய காலம் இப்போது இல்லை.

டர்னர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். வெர்னியர் இல்லை, பேப்பரும் மொபைலும்தான். பைஃபோகலை விட்டுவிட்டு இரண்டு தனிக் கண்ணாடி வைத்திருக்கிறார்: பேரன் வீட்டுப்பாடத்துக்கு ஒன்று, டிவிக்குக் கீழே உட்கார்ந்து கேரம் போர்டு ஆட ஒன்று. கண்ணாடி வாங்கப் போவதாக யார் சொன்னாலும், செய்கிற வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போ என்கிறார். ஊசி என்றால் ஊசி, கணக்கு நோட்டு என்றால் கணக்கு நோட்டு, பூக்கட்டுகிறவர் என்றால் நாரும் பூவும். அதைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டிலேயே அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

இன்னொன்று. ரெடிமேடு போதும் என்று இருப்பவர்களும் நாற்பதைத் தாண்டியதும் ஒருமுறை டாக்டரிடம் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையையும். வெள்ளெழுத்தைக் கண்ணாடி சரிசெய்துவிடும். கண் அழுத்தம் கூடி, கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பி வருவதில்லை.